ஹைப்போவா ரேபிட் ஃபிக்ஸரா, செபியாவா செலீனியமா: மலைக்குளிரில் ஓர் அலசல்

இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாஸ்போர்ட்டுக்காக எடுத்த குடும்பப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாயியின் சேலைக் கரை இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. முகம்தான் மஞ்சள் ஏறி, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் கரைந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம் போடும்போது, ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்தான் ஃபிக்ஸர்; அதில் பழைய வகை ஹைப்போ. தாளில் மிஞ்சிய ஹைப்போ பார்க்கும் வேலை இது. நாளாக ஆக அது சிதைந்து, அதிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியை அரிக்கும். எங்கள் ஊர் ஈரக்காற்று அதற்குத் தூபம் போடும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே ஃபிக்ஸர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் வந்தது.

ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819இல். மலிவு, படிகமாக மூடி வைத்தால் கெடாது. ஆனால் படிகத்தைத் தண்ணீரில் கொட்டியதும் கரைசல் தானாகவே குளிர்ந்துவிடும். நுவரெலியாவில் காலைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், பாத்திரத்தின் வெளிப்பக்கம் வியர்த்து வழியும், விரல் விறைக்கும். அந்தக் குளிரில் ஃபிக்ஸர் மந்தமாகத்தான் வேலை செய்யும். அதனால் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளை இரண்டு தட்டில் ஐந்தைந்து நிமிடம் போடுவது பழைய முறை. அந்தப் பத்து நிமிடத்தில் ஹைப்போ தாளின் நார்வரை இறங்கிவிடுகிறது. அப்புறம் ஒரு மணி நேரம் கழுவினாலும் மனசு ஆறாது.

ரேபிட் ஃபிக்ஸரில் இருப்பது அமோனியம் தயோசல்பேட். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் ஃபைபர் தாளுக்கு ஒரு நிமிடம் போதும், நாருக்குள் இறங்க நேரமே இருக்காது. பிறகு ஐந்து நிமிடம் கழுவி, இரண்டு சதவீத சோடியம் சல்பைட்டில் பத்து நிமிடம் வைத்து, மறுபடி கழுவுவேன். இந்தக் கடைசிக் கழுவலுக்கு ஐந்து நிமிடம் போதும் என்பார்கள். மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரின் குளிருக்கு நான் அரை மணி விடுகிறேன். விலை கூடத்தான். மறந்துபோய் அதிக நேரம் ஊறவிட்டால் மெல்லிய சாம்பல் நிறங்களைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. இருந்தாலும் ஃபைபர் தாளுக்கு என் ஓட்டு ரேபிடுக்கே. பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாள் என்றால் எதுவானாலும் சரி, இரண்டு நிமிடத்தில் கழுவி எடுத்துவிடலாம்.

அடுத்தது டோனிங், அதாவது படத்தின் வெள்ளியை மாற்றி நிறமும் பாதுகாப்பும் கொடுக்கும் வேலை. அது என்றதும் இங்கே எல்லாரும் கேட்பது, "தேயிலைச் சாயத்தில் முக்கினால் போதாதா?" என்றுதான். போதாது. தேயிலை தாளின் வெண்மைக்குச் சாயம் ஏற்றும், அவ்வளவே. வெள்ளி வெள்ளியாகவே கிடக்கும், பாதுகாப்பு இல்லை. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் காலத்தில், முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளுக்குத் தங்க டோனர் போடுவது வழக்கம். இன்றைய தங்க விலைக்கு அது நமக்கு எட்டாது.

மிச்சம் செபியாவும் செலீனியமும். செபியாவில் முதலில் பொட்டாசியம் பெரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசலில் படத்தை வெளுக்க வேண்டும். கண்ணெதிரே முகம் வைக்கோல் நிறத்துக்கு மங்கிப் போகும். முதல் தடவை என் வயிறு கலங்கியது. தாளில் ஹைப்போ மிஞ்சியிருந்தால் இந்த இடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். பெரிசயனைடும் ஹைப்போவும் சேர்ந்தால் படத்தையே கரைக்கும், போன வெளிர் நிறம் திரும்பாது. நன்றாகக் கழுவிய தாளை டோனரில் போட்டதும் அதே முகம் பழுப்பாக எழுந்து வரும். அப்பாயி முகத்தை அரைகுறையாக அரித்த அதே கந்தகம் இங்கே வெள்ளியை முழுக்கப் பிடித்து, எளிதில் மாறாத வெள்ளி சல்பைடாக்குகிறது.

டோனருக்குச் சோடியம் சல்பைடு எடுத்தால் கூழ்முட்டை நாற்றம். சுவருக்குச் சுவர் ஒட்டிய தோட்டத்து லய வீடுகளில் அதைத் திறக்கவே கூடாது. தயோயூரியாவுக்கு நாற்றம் இல்லை. சோடாக் காரத்தைக் கூட்டிக் குறைத்துப் பழுப்பை நம் விருப்பத்துக்குக் கொண்டுவரலாம். கையுறை மட்டும் கட்டாயம்.

செலீனியத்தில் வெளுக்கும் வேலை இல்லை. நீலம் சாய்ந்த கறுப்பு தரும் குளிர் நிறத் தாளில் கறுப்பு இன்னும் ஆழமாகும். மூடுபனிக்குள் நிற்கும் சவுக்கு மரங்களுக்கு அதைவிட அழகு வேறில்லை. பழுப்பு சாய்ந்த சூட்டு நிறத் தாள் செம்பழுப்பாகும். ஆனால் அது நிழலைத்தான் முதலில் பிடிக்கும். நீர்த்த கரைசலில் சீக்கிரம் எடுத்துவிட்டால் முகத்தின் வெளிச்சப் பகுதிகள் காவலின்றி நிற்கும். அதோடு அது நஞ்சு. இங்கே நாம் ஓடையில் ஊற்றுவது கீழ்த் தோட்டத்துப் பீலியில் வரும். பழைய கரைசலைப் பத்திரமாக ஒப்படைக்க வழியில்லாதவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

ஆகவே நிலக்காட்சிக்குச் செலீனியம். ஆள் படத்துக்கு, அதிலும் வீட்டுப் படத்துக்கு, தயோயூரியா செபியா. அப்பாயி படத்தைத் திரும்பப் படம்பிடித்து ஃபைபர் தாளில் இரண்டு பிரதி போட்டேன். வெள்ளை ஓரத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு வைத்து, ஹைப்போ மிஞ்சியதைக் காட்டும் மஞ்சள் படியவில்லை என்று பார்த்த பிறகுதான் வெளுப்பில் இறக்கினேன். ஒன்று இங்கே சுவரில் இருக்கிறது. மற்றது திருச்சியில், அந்தப் பாஸ்போர்ட்டில் கப்பலேறிய சித்தப்பா வீட்டில்.