ட்ரைகோனா, டூயோலியனா: பழைய நேஷனல் உலோக கித்தார்களில் எதை வாங்கலாம்?

மின்பெருக்கி பரவாத 1920களில், பிற வாத்தியங்களின் முழக்கத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவின் நேஷனல் நிறுவனம், கம்பிகளின் அதிர்வை உள்ளிருக்கும் உலோகக் கூம்புகளால் உரக்க ஒலிக்கச் செய்யும் உலோக ரெசனேட்டர் கித்தாரை உருவாக்கியது. ட்ரைகோன், டூயோலியன் இரண்டும் அதன் மாதிரிகள்.

அமைப்பு: 1927இல் வந்த ட்ரைகோனில் மூன்று சிறிய அலுமினியக் கூம்புகள், 1930களின் டூயோலியனில் ஒரே பெரிய கூம்பு, அதன் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் ஒரு சிறிய மர வட்டு.

ஒலி: ட்ரைகோனின் நாதம் மெல்ல எழுந்து நீண்டு நிற்பதால், கம்பியின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் பாணியில் அதன் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. டூயோலியன் சட்டென அதிர்ந்து விரைவில் அடங்கும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் புக்கா வைட்டின் மிசிசிப்பி ப்ளூஸ் இசைக்கு உயிரூட்டிய அந்த முரட்டுக் குரலை வேறெந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

உடல்: ட்ரைகோனுக்கு நிக்கல் பூசிய ஜெர்மன் சில்வர் (வெள்ளி கலவாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை), டூயோலியனுக்கு வண்ணம் பூசிய எஃகு, ஆகவே துருவைக் கவனிக்க வேண்டும்.

விலை: அன்றும் இன்றும் ட்ரைகோனே அதிகம்.

நீண்டு ஒலிக்கும் மெல்லிசையை விரும்புவோருக்கு ட்ரைகோன் பொருந்தும். தாளம் தெறிக்கப் பாடியபடி வாசிப்போர் டூயோலியனைத் தயங்காமல் வாங்கலாம். எதுவானாலும், கழுத்து வளையாமலும் கூம்பு நசுங்காமலும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.