ஊக்கோவா, கஃபயாத்தேயா? அர்ஜென்டினா உயர்பாலையின் ஆர்கானிக் ரெட் பிளெண்ட் – ஓர் ஒப்பீட்டு அலசல்

அர்ஜென்டினாவின் உயரமான பாலை நிலத்தில் விளைந்த ஆர்கானிக் சிவப்புக் கலவை ஒயின் (பல திராட்சை ரகங்களைச் சேர்த்துச் செய்வது) வேண்டுமென்று தேடினால், கடைசியில் இரண்டு ஊர்ப்பெயர்களில் வந்து நிற்போம். ஒன்று மெண்டோசா மாகாணத்தின் ஊக்கோ பள்ளத்தாக்கு. இன்னொன்று வடக்கே சால்ட்டா மாகாணத்தில், கல்சாக்கி பள்ளத்தாக்குகளின் நடுவே இருக்கும் கஃபயாத்தே. இரண்டும் மழை மறைவுப் பிரதேசங்கள். ஊக்கோவுக்குப் பசிபிக் ஈரத்தை ஆன்டிஸ் தடுக்கிறது. கஃபயாத்தேக்குக் கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை வேறு மலைத்தொடர்கள் தடுக்கின்றன. இரண்டிலும் மால்பெக் என்ற திராட்சை ரகம்தான் கலவையின் ஆதாரம். ஆனாலும் கோப்பையில் ஊற்றினால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாத ஒயின்கள். தினமும் சாப்பாட்டோடு குடிக்க ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால் நான் ஊக்கோவைத்தான் எடுப்பேன். ஆனால் கஃபயாத்தே தெளிவாக ஜெயிக்கும் இடமும் உண்டு.

முதலில் உயரம். ஊக்கோவில் ஆர்கானிக் கலவைகளுக்குப் பேர்போன குவால்டயாரி பகுதி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 முதல் 1,600 மீட்டர் வரை ஏறுகிறது. கஃபயாத்தே ஊரே ஏறக்குறைய 1,700 மீட்டரில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்குகளில் இன்னும் மேலே, 1831இல் தொடங்கிய கொலோமே நிறுவனத்தின் அல்தூரா மாக்சிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கஃபயாத்தே ஒயின்தான் அதிகக் குளிர்ச்சியில் விளைந்தது என்று தோன்றும். அது சரியல்ல. மெண்டோசா 33ஆம் தென் அட்சரேகையை ஒட்டியது. கஃபயாத்தே 26இல், நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு நெருக்கம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும். அந்தக் குறைவில் பெரும்பகுதி, வடக்கே போனதால் கூடிய வெயிலை ஈடுகட்டவே செலவாகிவிடுகிறது. லேபிளில் உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது எந்த அட்சரேகையின் உயரம் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உயரம் வேறொன்றையும் தருகிறது: புற ஊதாக் கதிர். அதைத் தாங்கத் திராட்சை தன் தோலைத் தடிமனாக்கிக்கொள்கிறது. நிறமும் துவர்ப்பும் இருப்பது தோலில்தான். கஃபயாத்தே கலவை மை போலக் கறுத்து நாக்கைப் பிடிப்பதற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் தன்னாட். தென்மேற்குப் பிரான்ஸின் மதிரானிலிருந்து வந்த இந்த ரகம் இயல்பிலேயே துவர்ப்பு மிகுந்தது. சால்ட்டாக்காரர்கள் மால்பெக்கோடு இதையும், மிளகு வாசம் அடிக்கும் கேபர்னே சாவினியோனையும் சேர்க்கிறார்கள். ஊக்கோவில் துணைக்கு வருபவை சிரா, கேபர்னே பிராங்க், கேபர்னே சாவினியோன். அங்கே பகல் வெயிலில் பழுத்தது இரவுக் குளிரில் தன் புளிப்பை இழக்காமல் நிற்கிறது. கூழாங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த குவால்டயாரி மண்ணில் விளைந்த மால்பெக்கில் பழத்தின் இனிப்பைத் தாண்டி ஒரு கூர்மை வரும். நல்ல ஊக்கோ கலவையில் இரண்டாவது கோப்பையும் அலுக்காமல் இருப்பதற்கு இந்தப் புளிப்புதான் காரணம். என் தேர்வும் இதை வைத்துத்தான்.

மெண்டோசாவின் கிழக்குச் சமவெளியிலிருந்தும் ஆர்கானிக் கலவைகள் வருகின்றன; பெரும்பாலும் பொனார்தாவும் மால்பெக்கும் சேர்ந்தவை. மென்மையானவை, பழச்சுவை நிறைந்தவை. உயர்பாலைச் சுவையைத் தேடுபவர்களுக்கு அவை ஒத்துவராது.

இனி, ஆர்கானிக் என்ற முத்திரைக்கு வருவோம். மழை மிகுந்த ஐரோப்பியத் தோட்டங்களில் ஆர்கானிக் என்பது பூஞ்சையோடு நடக்கும் போர். செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகளுக்கு அனுமதி இல்லாததால் செம்பைத் தெளிக்கிறார்கள். அது மண்ணில் தங்குவதால், 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இந்தப் பாலையில் இலை ஈரமாக இருக்கும் நேரமே குறைவு. பூஞ்சையைப் பொறுத்தவரை, இங்கே ஆர்கானிக்காக இருப்பது இயற்கை கொடுத்த சலுகை.

உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இலைவெட்டி எறும்புகள் ஒரு தொல்லை. 2010இல் மெண்டோசாவில் கண்டறியப்பட்ட லோபேசியா என்ற திராட்சை அந்துப்பூச்சி இன்னொன்று. அதை அடக்க, பெண் பூச்சியின் வாசத்தைத் தோட்டமெங்கும் பரப்பி ஆண் பூச்சிகளைத் திசைதிருப்பும் முறை ஆர்கானிக் தோட்டங்களுக்கும் பொருந்துகிறது. மட்கு மிகக் குறைந்த பாலை மண்ணுக்கு உரமேற்றுவது இன்னும் கடினம்; ஊடுபயிர் போட்டால் அதற்கும் தண்ணீர் வேண்டும்.

அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. மெண்டோசா ஆன்டிஸின் உருகும் பனியை நம்பி வாழும் ஊர். ஊவார்ப்பே பழங்குடிகள் காலத்திலேயே வாய்க்கால் பாசனம் இருந்தது. 1884ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் தண்ணீர் உரிமையை நிலத்தோடு பிணைத்தது. பழைய வாய்க்கால் எட்டாத குவால்டயாரி மேடுகளைப் பச்சையாக்கியவை ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும். 2010 முதல் மலையில் பனி தொடர்ந்து குறைந்த ஆண்டுகளே அதிகம். ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு தண்ணீர் செலவானது என்பதை ஆர்கானிக் முத்திரை சொல்வதில்லை. பாலையில் விளையும் ஒயினைப் பொறுத்தவரை அது சொல்லப்பட வேண்டும். ஊக்கோவையே தேர்ந்தெடுத்தாலும், இந்தக் கேள்வியில் அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தரமாட்டேன்.

தயாரிப்பாளர்கள் பக்கம் வந்தால், ஊக்கோவில் தொமேன் பூஸ்கே முன்னால் நிற்கிறது. பிரான்ஸின் கார்க்கசோன் பகுதியிலிருந்து வந்த குடும்பம், 1997இல் குவால்டயாரியில் நிலம் வாங்கியது. ஆர்கானிக் கலவைகள் பரவலாகக் கிடைப்பது இவர்களிடம்தான். கஃபயாத்தேயில் நன்னி குடும்பம் 1897 முதல் ஒயின் செய்கிறது. அளவில் மிகச் சிறியது, ஆனால் அந்த மண்ணின் முரட்டுத்தனத்தை மறைக்காத இடம்.

லேபிள் குழப்பம் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்க விதிப்படி, ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட்டைச் சேர்க்காத ஒயினைத்தான் ஆர்கானிக் ஒயின் என்று எழுதலாம். சேர்த்தால், ஆர்கானிக் திராட்சையில் செய்தது என்று மட்டுமே போட முடியும், அதுவும் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள். ஐரோப்பாவில் 100 மில்லிகிராம் வரை இருக்கும் இனிப்பற்ற சிவப்பு ஒயினும் ஆர்கானிக் ஒயின்தான். அதனால் ஒரே அர்ஜென்டினா ஒயின் இரண்டு சந்தைகளில் இரண்டு விதமாகத் தன்னை அழைத்துக்கொள்ளலாம். தரத்தில் ஏற்றத்தாழ்வு என்று நினைக்க வேண்டாம்.

கஃபயாத்தே எங்கே ஜெயிக்கிறது என்றால், நெருப்பில் வாட்டிய, கொழுப்பு வடியும் அசாதோ இறைச்சிக்கும், சோளமும் இறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் லோக்ரோவுக்கும் முன்னால். அங்கே ஊக்கோ கலவை அடங்கிப்போகும். தன்னாட்டின் துவர்ப்புக்குக் கொழுப்பு சரியான இணை. சில ஆண்டுகள் எடுத்துவைக்க வேண்டுமென்றாலும் அதையே வாங்குங்கள். இளம் பாட்டிலாக இருந்தால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே வேறு பாத்திரத்தில் ஊற்றிக் காற்றுப்பட விடுங்கள். ஊக்கோவுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. 16 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் திறந்தால் போதும். அதற்கு மேல் சூடானால் 14 சதவீதத்தைத் தொடும் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.