பெங்களூரில் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் கேனில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

அல்சூர், முருகேஷ்பாளையா பக்கம் 'டீப் கிளீனிங்' விளம்பரம் ஒட்டாத லிஃப்ட் கிடையாது. ஆள் கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் வருகிறவர்கள் லேபிள் இல்லாத கேனோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். ஒரு கம்பெனியை நம்பி எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். பாத்ரூம் டைல்ஸிலும் குழாயிலும் உப்பு வெள்ளையாகப் படிந்து கல் மாதிரி இறுகிவிடும். அதை எடுக்கத்தான் கூப்பிட்டோம். மாமியாருக்கு வீசிங் உண்டு, காட்டமான எதுவும் வேண்டாம் என்று போனிலேயே சொன்னேன். "எல்லாம் ஆர்கானிக் மேடம், கைக்குழந்தை இருக்கிற வீட்டிலேயே செய்கிறோம்" என்று உறுதி சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

வந்தவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் இருவர். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும். பெரியவன் முதல் கேனைத் திறந்ததும் அதன் வாயிலிருந்து வெண்புகை எழுந்தது. "என்னப்பா இது?" என்றேன். "கறை எடுக்கிற லிக்விடுக்கா. சூடு தண்ணி ஒரு பக்கெட் கிடைக்குமா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் அதே தரையில் இரண்டாவது கேனையும் கவிழ்த்துவிட்டான். அவனுக்குக் கொடுத்த வேலை அதுதான்.

அடுத்த நிமிஷம் தொண்டையை அறுக்கிற மாதிரி ஒரு நெடி. சின்னவன் தடுமாறி வெளியே வந்து பால்கனியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கண்ணைத் திறக்கவே முடியவில்லை அவனுக்கு. அடுத்த அறையில் மாமியார் மூச்சு விட முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கினோம். அங்கிருந்து கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் செய்தால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேலை முடிஞ்சுதா?" பையனுக்குப் பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அடுத்த வைத்தியம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன், நெபுலைசர். இரவு வரை இருங்கள் என்று டாக்டர் சொன்னார். இந்த வாயு உள்ளே போனால் முதலில் இருமலோடு நின்றது போலத் தெரியும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். முறிமருந்து என்று எதுவும் இதற்குக் கிடையாது.

அந்த முதல் கேன் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பதுதான் இந்த ஆசிட். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனரில் சுமார் பத்து சதவீதம்தான் இருக்கும், அதனால் அவ்வளவாகப் புகையாது. அடர்த்தி முப்பது சதவீதத்தைத் தாண்டினால் மூடியைத் திறந்ததுமே வாயு வெளியேறி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்புகையாகத் தெரியும். சூடு தண்ணீர் சேர்த்தால் இன்னும் வேகமாகக் கிளம்பும். அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது கேன் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். காரத்தன்மை இருக்கும்வரைதான் அது அடங்கிக் கிடக்கும். ஆசிட் பட்ட உடனே குளோரின் வாயுவாகப் பிரிந்துவிடும். 1915-ல் முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே வீரர்கள் மேல் திறந்துவிடப்பட்டதும் இதே குளோரின்தான். காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். குனிந்து தேய்ப்பவன்தான் முதலில் மாட்டுவான். சுவரில் உயரத்தில் இருக்கும் சின்ன எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை மட்டும் நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தாலும் இதே கதைதான். பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு வரும்.

இத்தனைக்கும் பிறகு கம்பெனி சொன்ன பதில்: "உங்கள் பாத்ரூமில் காற்றோட்டம் இல்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை." ஸ்டீல் குழாய்கள் புள்ளி புள்ளியாக அரித்துக் கறுத்துவிட்டன. மார்பிள் வாசற்படி பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. மார்பிளும் சுண்ணாம்புக் கல் வகைதான். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். இதையெல்லாம் "பழைய வீடு மேடம்" என்று தள்ளிவிட்டார்கள். பையனின் ஆஸ்பத்திரிச் செலவையும் நாங்கள்தான் கட்டினோம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வெறுங்கையோடு அவர்களை அனுப்பியவர்கள்தான் குற்றவாளிகள்.

ஆசிட்டை எங்கே வாங்கினீர்கள் என்று பெரியவனிடம் கேட்டேன். பில் எதுவும் இல்லாமல் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பார்களாம். கடையில் ஆசிட் விற்றால் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

அதனால் ஆள் கூப்பிடுமுன், எந்தெந்த மருந்து கொண்டு வருகிறார்கள் என்று பெயரோடு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சீல் உடையாத, லேபிள் ஒட்டிய பாட்டில் மட்டும்தான் உள்ளே வரலாம். ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி முடிக்கும்வரை இன்னொன்றை எடுக்கவே விடாதீர்கள். நெடி வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று உள்ளே போகவே கூடாது, சோடா, வினிகர் என்று எதையும் மேலே கொட்டவும் கூடாது. எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் 108.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். கேன்களின் ஃபோட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆர்கானிக் என்று அவர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாம் இணைத்தாகிவிட்டது. கம்பெனி இன்னும் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. அந்தச் சின்னப் பையனுக்கு அன்றைய கூலியும் கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது, அதையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.