பம்பிலா, கம்பெனியிலா, ஷோரூமிலா? எரிபொருள் குடிக்கும் கார்களை எங்கே பிடிப்பது

களியக்காவிளையில் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள ஒரு பெட்ரோல் பம்பில் போன மாதம் காற்றடிக்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆறு வண்டிகளில் நாலு கேரளப் பதிவு. எல்லாருமே டேங்க் ஃபுல். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் போடுவதைவிட இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே முடிவு செய்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. கேரளம் 2023-ல் 2 ரூபாய் செஸ் கூட்டியது. வித்தியாசம் அப்படியே எங்கள் ஊர் வரிசையில் வந்து நிற்கிறது.

அதிகம் எரிபொருள் குடிக்கும் கார்களை அரசு எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு வந்தால், பொருளாதாரம் படித்தவர்கள் முதலில் சொல்வது எரிபொருள் வரியைத்தான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புது வண்டி, பழைய வண்டி, கொஞ்சம் ஓட்டுபவர், நிறைய ஓட்டுபவர் என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் தொடும் வழி அது ஒன்றுதான். பெட்ரோல் வரி அதிகமான ஐரோப்பாவில் சின்னக் கார்களும், வரி குறைவான அமெரிக்காவில் பெரிய வண்டிகளும் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் குமரி மாவட்டத்தில் இந்த வரி யார் தலையில் விழும் என்று பார்க்க வேண்டும். குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறைப் பக்கம், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களையும் ரப்பர் ஷீட்டையும் ஏற்றி ஜீப் ஓட்டும் ஒரு அண்ணனை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவரிடம் இதைக் கேட்டேன். "மக்களே, டீசலுக்கு வெல கூடினா நான் வண்டிய மாத்தவா முடியும்? கூலியத்தான் கூட்டணும். கூட்டினா ஆளு ஏறமாட்டான்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்குப் பத்து கி.மீ. தரும் அந்த ஜீப் ஒரு நாளைக்கு 60 கி.மீ. ஓடுகிறது. விலை 10 ரூபாய் ஏறினால் 25 நாளுக்கு 1,500 ரூபாய் போய்விடும். நாகர்கோவிலில் 25 லட்சத்துக்கு எஸ்யூவி வாங்கி மாதம் 600 கி.மீ. ஓட்டுபவருக்கும் அதே பத்து கி.மீ. என்றால், அவருக்குக் கூடுவது 600 ரூபாய். வேறு வழியே இல்லாதவரிடம் அதிகமும், எல்லா வழியும் இருப்பவரிடம் குறைவும் வாங்கும் வரி இது. போதாக்குறைக்கு, தமிழ்நாடு மட்டும் ஏற்றினால் களியக்காவிளை வரிசை அப்படியே பாறசாலைக்கு இடம் மாறிவிடும்.

இரண்டாவது வழி, கார் கம்பெனியைப் பிடிப்பது. 1973 எண்ணெய்த் தடையில் அடிபட்ட அமெரிக்கா 1975-ல் கொண்டுவந்த முறை இது. ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களும் குடிக்கும் எரிபொருளின் சராசரி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் கஃபே விதி என்ற பெயரில் 2017-18-ல் தொடங்கியது. முதலில் கி.மீ.க்கு 130 கிராம் கரியமில வாயு என்றிருந்த இலக்கு, 2022-23 முதல் 113 கிராம். அதாவது லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ. தவறினால் அபராதமும் உண்டு. 100 கி.மீ.க்கு 0.2 லிட்டர் வரை தவறினால் ஒரு காருக்கு 25,000 ரூபாய், அதற்கு மேல் 50,000 என்று 2022 சட்டத் திருத்தம் சொல்கிறது.

இதனால் எஞ்சின்கள் மேம்பட்டது உண்மை. இந்த விதி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சராசரி என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்துகொள்ளலாம். மின்சாரக் கார் ஒன்று விற்றால் கணக்கில் அதை மூன்றாக எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கணக்கின் நிழலில் இரண்டு டன் பெட்ரோல் வண்டியும் விற்பனையாகும். இன்னொன்று, கம்பெனியின் சராசரி எடை கூடினால் இலக்கும் தளர்கிறது. எடையைக் குறைக்கச் சொல்ல வேண்டிய விதி, எடை கூடினால் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்காவில் இலகு டிரக் என்ற பிரிவுக்குத் தளர்வு கொடுத்ததில் எஸ்யூவிகள் அந்த வழியாகப் பெருகின. 2025-ல் அங்கே அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

வயதைப் பார்த்து ஓரங்கட்டுவது மூன்றாவது. டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2025 ஜூலையில் அவற்றுக்கு எரிபொருளே கொடுக்கக் கூடாது என்று தொடங்கி, சில நாளிலேயே எதிர்ப்பில் நிறுத்தினார்கள். இதில் இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. பழைய வண்டியின் பிரச்சினை நச்சுப் புகை. எரிபொருள் குடிப்பது வேறு. என் சித்தப்பாவிடம் 2004 மாருதி 800 இருக்கிறது. 650 கிலோ வண்டி, இன்றும் லிட்டருக்கு 16 கி.மீ. தருகிறது. மார்த்தாண்டம் நெரிசலில் அதன் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் புத்தம்புது வண்டி எட்டு, ஒன்பதுதான் தரும். இரண்டில் எதைக் கண்டம் பண்ணச் சொல்வது?

சரி, ஷோரூமுக்கு வருவோம். வாங்கும் நேரத்திலேயே, அந்த வண்டி குடிக்கப்போகும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பிரான்ஸ் 2008 முதல் இப்படிச் செய்கிறது. 2024-ல் கி.மீ.க்கு 118 கிராமில் ஆரம்பித்து, மிக மோசமான வண்டிக்கு 60,000 யூரோ வரை போனது. 2022-லிருந்து எடைக்கும் தனிக் கட்டணம். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சலுகை உண்டு. அமெரிக்காவிலும் 1978-லேயே இப்படி ஒரு வரி போட்டார்கள், ஆனால் எஸ்யூவிக்கு விலக்கு கொடுத்து அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

நம்மிடம் வாங்கும்போது வரியே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஆனால் எதுவும் வண்டி எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் ஆயுள் வரி வண்டியின் விலையைப் பார்க்கிறது. ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல், நீளத்தையும் எஞ்சின் அளவையும் பார்க்கிறது. 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40. லிட்டருக்கு 27 கி.மீ.க்கு மேல் சான்று பெற்ற ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த) காரும், 12 தரும் பெட்ரோல் எஸ்யூவியும் நீளத்தால் ஒரே 40-இல் நிற்கின்றன.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மைலேஜ் என்ற கணக்கே நம்மை ஏமாற்றும். 20 தரும் கார் 25 தந்தால் பெரிய முன்னேற்றமாகத் தெரியும். 100 கி.மீ.க்கு அதில் மிச்சம் 1 லிட்டர். 10 தரும் வண்டி 12 தந்தால் மிச்சம் 1.67 லிட்டர். ஆகவே அரசு கை வைக்க வேண்டியது மோசமான வண்டிகளில். கட்டணமும் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கில்தான் இருக்க வேண்டும்.

மலைப்பகுதி ஜீப்புகளுக்கு விலக்கு வேண்டும். ஆனால் அமெரிக்கா செய்ததுபோல வண்டியின் வகைக்குக் கொடுக்கக் கூடாது, வாடகைப் பெர்மிட் வைத்து உண்மையிலேயே ஆள் ஏற்றி ஓட்டுபவருக்குக் கொடுக்க வேண்டும். வசூலாகும் பணத்தில் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் இன்னும் இரண்டு பஸ் விட்டால் ஜீப்பை நம்பியிருக்கும் ஆட்களுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

துபாயிலிருந்து திரும்பிய சித்தப்பா மகனோடு போன வருடம் நாகர்கோவிலில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். ஒரே அளவில் இரண்டு வண்டி. ஒன்று பெட்ரோல், சான்றுப்படி லிட்டருக்கு 12.5 கி.மீ. மற்றது ஹைப்ரிட், 23. ஹைப்ரிட் இரண்டு லட்சம் கூடுதல். தம்பி இரண்டையும் ஓட்டிப் பார்த்து, அரை மணி நேரம் யோசித்து, பெட்ரோலை எடுத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. கையில் கொடுத்த விலைத் தாளில் இன்சூரன்ஸ், ஆயுள் வரி, ஃபாஸ்டேக் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது, பெட்ரோலுக்கு மட்டும் இல்லை.

100 கி.மீ.க்கு 5 லிட்டருக்கு மேல் ஒவ்வொரு 0.1 லிட்டருக்கும் 5,000 ரூபாய் என்று வைத்துப் பார்த்தேன். அவன் எடுத்த வண்டிக்கு 8 லிட்டர், ஆகவே ஒன்றரை லட்சம். ஹைப்ரிடுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது 50,000 ரூபாய். நம் ரோட்டில் ஒன்று பத்தும் மற்றது பதினெட்டும் தந்தால்கூட, வருடம் 12,000 கி.மீ. ஓட்டும் அவனுக்கு அது ஒரே வருட பெட்ரோலில் திரும்பி வந்துவிடும்.