ஏ.பி.சி. வெப் டூல்: தாராளமாகப் பயன்படுத்துங்கள், டேபிளை முதலில் சரிபாருங்கள்

மதுரை தல்லாகுளத்தில் உட்கார்ந்து பிஜி மாணவர்களின் தீசிஸ் டேட்டாவைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். "பத்துப் பதினைந்து வருஷ டேட்டா இருக்கு, நோய் கூடுதா குறையுதான்னு பார்க்கணும்" என்று வருகிற எல்லோருக்கும் நான் முதலில் திறந்து காட்டுவது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஏ.பி.சி. (APC: ஏஜ், பீரியட், கோஹார்ட்) வெப் டூலைத்தான். ரோசன்பர்க், செக், ஆண்டர்சன் மூவரும் 2014-ல் கட்டுரை எழுதி அறிமுகப்படுத்தியது. இலவசம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசர் போதும்.

வயது, காலம், பிறந்த தலைமுறை என்ற மூன்று கோணத்திலும் இது நோய் விகிதங்களைப் பார்க்கும். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்துகொண்டே வருவதும் மார்பகப் புற்றுநோய் ஏறுவதும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த மாற்றம் எல்லா வயதிலும் ஒரே காலத்தில் வந்ததா, பின்னால் பிறந்த பெண்களிடம் படிப்படியாக வந்ததா? மொத்த விகிதத்தை வருஷவாரியாகக் கோடு போட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. அதற்குத்தான் இந்த டூல்.

உள்ளே கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு தலைப்பு, தொடக்க ஆண்டு, தொடக்க வயது, இடைவெளி, பிறகு டேபிள். ஒரு வரிசைக்கு ஒரு வயதுப் பிரிவு. ஒவ்வொரு காலத்துக்கும் இரண்டு பத்தி, முதலாவதில் நோயாளிகள், அடுத்ததில் மக்கள்தொகை. வயது ஐந்தைந்தாக என்றால் காலமும் ஐந்தைந்தாகத்தான் இருக்க வேண்டும். எக்செல்லிலிருந்து ஒட்டினால் சில நொடியில் படங்கள் வந்து நிற்கும்.

இந்த வேகம்தான் எனக்குப் பயம். நீங்கள் ஒட்டிய எண் சரியா என்று டூல் கேட்காது. உதாரணமாக, 2005–2009 கட்டத்தில் நோயாளிகள் ஐந்து வருஷத்துக்கும் சேர்த்த கூட்டல். அப்படியானால் பக்கத்துப் பத்தியிலும் ஐந்து வருஷ மக்கள்தொகையின் கூட்டல், அதாவது ஆள்-ஆண்டு, இருக்க வேண்டும். நடுவருஷத்து மக்கள்தொகையை மட்டும் போட்டால் விகிதம் ஐந்து மடங்காக நிற்கும். விகித ஒப்பீட்டுப் படங்கள் அழகாகவே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

அந்த மக்கள்தொகை எங்கிருந்து வரும்? சென்சஸ்தான். மதுரை மாவட்டத்தில் 2001-ல் 25,78,201 பேர், 2011-ல் 30,38,252 பேர். இரண்டுமே மார்ச் 1 கணக்கு. நமக்கு வேண்டியது ஜூலை 1, அதாவது நடுவருஷக் கணக்கு. இடையில் உள்ள வருஷங்களைக் கூட்டு வளர்ச்சியில் நிரப்பினால் வருஷத்துக்குச் சுமார் 1.65 சதவீதம், 2005 நடுவில் ஏறக்குறைய 27.68 லட்சம். ஆனால் இந்த ஒரே சதவீதத்தை எல்லா வயதுக்கும் போடவே கூடாது. பிள்ளைப்பேறு குறைந்துவிட்ட ஊர் இது. குழந்தைகள் பிரிவும் அறுபதைத் தாண்டியவர்கள் பிரிவும் ஒரே வேகத்தில் வளராது. ஆண், பெண், ஒவ்வொரு வயதுப் பிரிவு என்று தனித்தனியாக நிரப்புங்கள். 2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்காததால், 2011-க்குப் பிந்தைய எண்கள் எல்லாம் கணிப்பு. அதைத் தீசிஸில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எல்லை இன்னொரு சிக்கல். 1991 சென்சஸில் "மதுரை மாவட்டம்" என்றால் பெரியகுளமும் உத்தமபாளையமும் அதற்குள். தேனி பிரிந்தது 1996-ல். அதற்கும் முன்னே 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது. மாவட்டப் பெயரை மட்டும் நம்பி 1991, 2001 அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்தால் லட்சக்கணக்கான பேர் காணாமல் போவார்கள். தாலுகா அட்டவணையிலிருந்து இன்றைய எல்லைக்குள் வருகிறவர்களை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு மாணவி, "அக்கா, எங்க ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்லயே இருபது வருஷ கேஸ் இருக்கு, அதைப் போட்டா வந்துரும்ல?" என்றாள். வராதும்மா என்றேன். மதுரையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வருகிறது. அந்த எண்ணிக்கையை எந்த மக்கள்தொகையால் வகுப்பது? 2003-ல் தொடங்கிய திண்டுக்கல் அம்பிளிக்கைப் பதிவேடு மாதிரி, ஒரு நிலப்பரப்பில் உள்ள எல்லாப் புற்றுநோயையும் எண்ணுகிற டேட்டா வேண்டும்.

அவள் கொண்டுவந்த பக்கங்களில் இன்னொன்றும் பார்த்தேன். வயதுப் பத்தியில் 40, 45, 50, 60 மட்டும் குவிந்து கிடந்தன. 41-ஐயும் 47-ஐயும் தேடவேண்டியிருந்தது. சுமாராகச் சொன்ன வயதுகள். இப்படிப்பட்ட டேட்டாவை ஒற்றை வயதாகப் போட்டால் கோடு பல்பல்லாக வரும், இல்லாத தலைமுறை விளைவு முளைக்கும். ஐந்து வருஷப் பிரிவே பாதுகாப்பு. "75-க்கு மேல்" என்ற கடைசிப் பிரிவை எடுத்துவிடுங்கள், அவர்கள் எந்த வருஷம் பிறந்தவர்கள் என்றே சொல்ல முடியாது.

எனக்குள்ள ஒரே மனக்குறை, தலைமுறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வது. 2005–2009-ல் 40–44 வயது என்றால் பிறப்பு 1960-லிருந்து 1969 வரை எதுவும் இருக்கலாம். டூல் அதை 1965 என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்து 45–49 பிரிவு 1955–1964. பிறந்த வருஷம் கையில் இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும், 1960–64-ல் பிறந்தவர்கள், 1965–69-ல் பிறந்தவர்கள் என்பதுபோல, இரண்டு முக்கோணமாகப் பிரிக்கலாம். அதற்கு ஆர் மென்பொருளில் பெண்டிக்ஸ் கார்ஸ்டென்சனின் எபி (Epi) தொகுப்புதான் சரி, அதன் ஏ.பி.சி. ஃபிட் (apc.fit) கட்டளை கேட்பது வயது, காலம், நோயாளிகள், ஆள்-ஆண்டு என்ற நாலு பத்தி.

முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'நெட் டிரிஃப்ட்'. காலத்திலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த வருஷம். அதனால் காலத்தின் நேர்கோட்டுப் போக்கையும் தலைமுறையின் போக்கையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. இந்த டூல் பிரித்ததாகக் காட்டாமல், இரண்டையும் சேர்த்து வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகத் தருகிறது. வயதுவாரியான லோக்கல் டிரிஃப்ட் படத்தையும் பாருங்கள். ஓரத்துத் தலைமுறைகளை மட்டும் நம்பாதீர்கள்: 12 வயதுப் பிரிவு, 3 காலம் என்றால் 14 தலைமுறை வரும்; இரண்டு ஓரமும் ஒரே ஒரு கட்டத்தை நம்பி நிற்பவை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஐந்தைந்தாகக் கட்டிய பதிவேட்டு டேட்டா இருந்தால் யோசிக்காமல் இதற்கே போங்கள். பிறந்த தேதி தெரிந்த டேட்டா என்றால் எபி.