மிஷினா, பையா, மாற்றுச் சிறுநீரகமா? சேலத்திலும் ஏற்காட்டிலும் 20 வயதுக்காரருக்கு எது ஒத்துவரும்

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் 20 வயதுக்காரர் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பையிலுள்ள திரவத்தை உள்ளே விட்டு வடிக்கலாம், இன்னொருவர் சிறுநீரகத்தைப் பொருத்தலாம். மூன்றாவதுதான் மேல், அதில் விவாதமே இல்லை. ஆனால் அது கைகூடும்வரை முதல் இரண்டில் ஒன்றோடுதான் காலேஜுக்கும் வேலைக்கும் போயாக வேண்டும். அங்கேதான் சேலம் அம்மாபேட்டைக்காரருக்கும் ஏற்காடு மலையிலுள்ள நாகலூர்க்காரருக்கும் பதில் வேறாகிறது.

மிஷின் டயாலிசிஸ் வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம். ஊசி போட்டுப் பொருத்துவதும், முடிந்தபின் குத்திய இடத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்துவதுமாக இன்னும் அரை மணி. காலை 6 மணி ஷிப்ட் கிடைத்தால் மதியம் தறிக்கோ கொலுசுப் பட்டறைக்கோ போய்விடலாம் என்று தோன்றும். பலராலும் முடியாது, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு கிடக்கும், தூங்கி எழுந்தால்தான் தெளியும். வேலைக்குப் போகிறவர் மாலை ஷிப்ட் கேட்டு வாங்கி, அந்தக் களைப்பை ராத்தூக்கத்தோடு கழிப்பது நல்லது.

நாகலூர்க்காரர் நிலைமை வேறு. மலையிறங்கி சேலம் வந்து, டயாலிசிஸ் முடித்து, பிரஷர் இறங்கிய உடம்போடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும். வாந்தியும் தலைச்சுற்றலும் பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும். வாரத்தில் 3 முழு நாள் போய்விடும்.

பை டயாலிசிஸ் நாளுக்கு 4 தடவை, தடவைக்கு 2 லிட்டர் பை ஒன்று, வடித்து நிரப்ப 30 முதல் 40 நிமிடம். கூட்டினால் வாரம் 16 மணி நேரம் வருகிறது. மிஷின்காரரின் கணக்குக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கிறது. வடியும்போது பாடம் படிக்கலாம். மாற்றுவதற்குக் கரண்டும் தேவையில்லை. ராத்திரி முழுக்கத் தானே மாற்றிக்கொடுக்கும் சைக்ளர் மிஷினுக்குத்தான் கரண்ட் வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் எஸ்டேட் வீட்டுக்கு அது சரிவராது.

மலையில் இருப்பவருக்குப் பைதான் என்பது எங்கள் கட்சி. ஆனால் வீட்டில் 3 விஷயம் சரியாக இருக்க வேண்டும். முதலாவது இடம்: மாதம் 120 பை, எடை 240 கிலோ. ஏற்காட்டு ஈரத்தில் தரையில் வைத்தால் அட்டைப்பெட்டி ஊறிவிடும். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் வண்டி வராது, குப்பனூர் வழி சுற்றி வந்தாலும் தாமதம்தான். எனவே மழைக்கு முன்பே 15 நாள் கூடுதல் கையிருப்பு வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கே வரும்; பதிவு செய்யும்போதே பாதை நிலவரத்தைச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது சூடு. மார்கழிக் குளிரில் பையை அப்படியே ஏற்றினால் உடம்பு நடுங்கும், வயிறு சுருட்டிப் பிடிக்கும். அதற்காக வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இணைக்கும் முனை ஓரம் நனைந்தால் கிருமி உள்ளே போக அதுவே வழி. மேலுறையைப் பிரிக்காமல் ஹீட்டிங் பேடில் வைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

மூன்றாவது கை. ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி, மாஸ்க் கட்டி, கை கழுவித் துடைத்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். வடிந்த பையை நாளிதழ் மேல் வையுங்கள். பைக்கு ஊடாக எழுத்தைப் படிக்க முடிந்தால் சரி. கலங்கி எழுத்து மறைந்தால், வயிற்று வலி இல்லாவிட்டாலும், அது தொற்று என்றே எடுத்துக்கொண்டு அந்தப் பையோடு அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். பையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு போவதில் பயனில்லை. பரிசோதனைக்கு அந்த நீர்தான் வேண்டும். திரவம் வடியாமல் நின்றால் பயப்படுமுன் மலச்சிக்கலா என்று பாருங்கள், பெரும்பாலும் காரணம் அதுதான்.

கொலுசுப் பட்டறைப் புகையிலும் தூசியிலும் பை மாற்றவே கூடாது. அப்படி வேலை பார்ப்பவர், ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு இருப்பவர், இவர்களுக்கு மிஷின்தான் பாதுகாப்பு.

பெண் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: வயிற்றில் குழாய் வெளிவரும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே, உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பாவாடை நாடாவோ சுடிதார் நாடாவோ இறுகும் கோட்டிலேயே வந்துவிட்டால் தினமும் உரசிப் புண்ணாகும்.

மிஷின்காரருக்குக் கையில் வைக்கும் ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) தயாராக 6 முதல் 8 வாரம் ஆகும். பழகாத கையில், பெரும்பாலும் இடக்கையில் வைப்பார்கள். முதல் முறை சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்த அன்றிலிருந்தே அந்த முன்கையில் ஊசி, டிரிப் எதுவும் கூடாது. புறங்கையில் போடச் சொல்லுங்கள். வைத்தபின் அதில் பிரஷர் பார்க்கவோ குடம் தூக்கவோ கூடாது. தினமும் காலையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடைத்துவிட்டது, சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

சாப்பாட்டில் மிஷின்காரர்தான் அதிகம் கட்டுப்பட வேண்டும். நாளுக்குப் போகும் சிறுநீர் அளவோடு 500 மில்லி, அவ்வளவுதான் தண்ணீர். 50 கிலோப் பெண்ணிடம் 4 மணி நேரத்தில் 2 லிட்டருக்கு மேல் இழுத்தால் கெண்டைக்கால் பிடிக்கும், பிரஷர் விழும். பொட்டாசியம் இன்னும் மோசம். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு சனி, ஞாயிறு நீண்ட இடைவெளி. மாம்பழ சீசனில் ஞாயிறன்று ஒரு முழு மல்கோவாவும் ஓர் இளநீரும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆசைப்பட்டால் டயாலிசிஸ் நாளில் ஒரு சிறு துண்டு. சேலத்து ஜவ்வரிசி மட்டும் நல்ல பக்கம். வெறும் மாவுச்சத்து, பொட்டாசியம் மிகக் குறைவு. மரவள்ளிக்கிழங்கு அப்படியல்ல. பாயசமாகக் குடித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான். பைக்காரருக்குப் பழத்தில் கொஞ்சம் தாராளம் உண்டு, ஆனால் திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடம்பில் ஏறி எடை கூடும்.

மாற்றுச் சிறுநீரகம் இந்தக் கட்டுகளைப் பெரும்பாலும் அவிழ்த்துவிடும், நாளுக்கு 2.5 லிட்டர் தண்ணீர் குடிக்கவே சொல்வார்கள். மாதவிலக்கு சீராகும், குழந்தையும் சாத்தியம். ஆனால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் மைகோஃபினோலேட் மாத்திரையைக் கருவுக்கு 6 வாரமாவது முன்னால் டாக்டர் மாற்றியாக வேண்டும். உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருடம் உழைக்கும். ஆக 20 வயதில் பொருத்தியவருக்கு இன்னொன்று தேவைப்படும். அதனால் டயாலிசிஸ் காலத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே ரத்தம் ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசரமில்லையென்றால் இரும்பு ஊசியும், ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் முதலில் கேளுங்கள். ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், நாளை கிடைக்கும் சிறுநீரகத்தையே ஒவ்வாததாக்கிவிடும்.

இளையவர்கள் பொருத்திய சிறுநீரகத்தை இழப்பது பலமுறையும் மாத்திரை விட்டுப்போவதால்தான். ஸ்டீராய்டால் முகம் உப்பும், பரு வரும். ஃபோட்டோ எடுக்க வெட்கப்பட்டு சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஒதுக்கலைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை 8 என்றால் இரவும் 8. பம்பளிமாஸ் பழம் ஆகாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும். ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைக் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்தபின் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டி, டோஸைக் குறைத்துவிடுவார்கள்.

அம்மாவோ அப்பாவோ சிறுநீரகம் தர முன்வந்திருந்தால், ஆபரேஷனுக்கு முந்தைய 3 மாதம், இப்போதுள்ள பிரஷர் மாத்திரைகளைப் பிள்ளையே 8-8 அலாரம் வைத்துப் போடட்டும். மாதக் கடைசியில் அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் மிஞ்சினால், ஏன் விட்டது என்று பேசி முடித்துவிட்டு தேதி வாங்குங்கள்.