லேசர் டயோடுக்கு எந்தக் கூடு: பிளாஸ்டிக்கா, பித்தளைக் குப்பியா, அலுமினியக் கட்டையா?

பழுதான டிவிடி ரைட்டர்களின் சிறு மோட்டார்களைக் கொண்டு ஒரு செதுக்கு கருவியை மட்டக்களப்பில் வீட்டிலேயே செய்து வைத்திருக்கிறேன். கறுப்புத் தாளை வெட்டும், மெல்லிய பலகையில் பெயர் சுடும். 650 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்பு லேசர் டயோடும், அதாவது அந்த ஒளியைத் தரும் சிறு மின்னுறுப்பும், அதே ரைட்டரிலிருந்து எடுத்ததுதான். அதற்குக் கூடு தேடியபோது மூன்று வழிகள் தெரிந்தன. நான் அலுமினியக் கட்டைக்குப் போனேன். இதைச் செய்ய நினைப்பவருக்கும் அதையே சொல்வேன்.

முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிளாஸ்டிக் கூட்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மலிவு, விரும்பிய வடிவம் கிடைக்கும். ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தாது. 5 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிறு டயோடுகளுக்கு மட்டும் அது போதும்.

இணையத்தில் வாங்கக்கூடிய பித்தளைக் குப்பி நல்ல பொருள். 12 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் நீளம். 5.6 மில்லிமீட்டர் அடித்தட்டுள்ள டயோடு பின்பக்கத்தில் இறுக்கமாக உட்காரும். முன்பக்கத்தில் லென்ஸுக்கென 9 மில்லிமீட்டர் விட்டத்தில், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிய நுண்ணிய மரை இருக்கும். லென்ஸைத் திருகத் திருக ஒளிப்புள்ளி கூர்மையாகும். டயோடைச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது. வைஸில் வைத்து, அடித்தட்டின் விளிம்பில் மட்டும் விசை படும்படி நேராக அழுத்த வேண்டும். ஒருமுறை இறங்கிவிட்டால் சேதமில்லாமல் வெளியே எடுப்பது கடினம்.

குப்பியே போதுமே, கட்டை எதற்கு? எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. என் டயோடு ஏறத்தாழ 0.6 வாட் மின்சாரம் எடுக்கிறது. அதில் 0.2 வாட் ஒளியாகப் போனால் மீதி 0.4 வாட் வெப்பம். குப்பியின் வெளிப்பரப்பு 13 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். விசிறி இல்லாத காற்றில் இவ்வளவு சிறிய பரப்பால் அந்த வெப்பத்தை வெளியேற்ற, குப்பி அறையைவிட ஏறத்தாழ 30 பாகை கூடுதலாகச் சூடாக வேண்டும். குளிர்நாட்டு மேசையில் அது பெரிய விடயமல்ல. இங்கே கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறையே 33 பாகையில் நிற்கும். இரண்டையும் கூட்டினால் 60 பாகையைத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறச் சிவப்பு டயோடு அதே மின்னோட்டத்தில் குறைந்த ஒளியையே தரும். சுடும் கோடு மங்கும், ஆயுளும் குறையும்.

இந்த இடத்தில் பலர் செம்பா பித்தளையா என்று வாதாடுகிறார்கள். செம்பு பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அரை வாட்டுக்கும் குறைந்த வெப்பம் உலோகத்துக்குள் தேங்குவதில்லை, உலோகத்திலிருந்து காற்றுக்கு இறங்கும் இடத்தில்தான் தேங்குகிறது. அதே அளவுக் குப்பியைச் செம்பில் வாங்கினாலும் பரப்பு அதேதான். காசைப் பரப்புக்குச் செலவிடுங்கள்.

அதனால் குப்பியை 25க்கு 25க்கு 30 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டைக்குள் வைத்தேன். பரப்பு மூன்று மடங்கானது. கணக்குப்படி சூடு அறையைவிடப் பத்துப் பாகை அளவே ஏறும். நுண்ணிய மரை வெட்டும் வேலையைக் குப்பி ஏற்கெனவே முடித்துவிட்டதால் லேத் பட்டறையில் கேட்க வேண்டியது எளிது: 12 மில்லிமீட்டர் துளை, ஒரு பக்கம் நீளவாக்கில் பிளவு, அந்தப் பிளவை இறுக்க ஒரு திருகாணி. துளை மயிரிழை பெரிதானாலும் பிளவு இறுகி அதைச் சரிசெய்துவிடும். இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். டயோடு செத்தால் திருகாணியைத் தளர்த்தி, புதுக் குப்பியைச் செருகலாம். கட்டையை மீண்டும் கடைய வேண்டியதில்லை. இதைவிட நல்ல பராமரிப்பு வசதி எனக்குத் தெரியவில்லை.

குறை எடைதான். கட்டை 40 கிராமுக்கு மேல் வருவதால் டிவிடி மோட்டார் மெதுவாகத்தான் இழுக்கிறது. பல டயோடுகளில் உலோக உறை ஒரு மின்முனையோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மீட்டரால் பார்த்துவிட்டு, தேவையானால் கட்டைக்கும் கருவியின் சட்டத்துக்கும் இடையே மின்காப்பு வையுங்கள். இந்த வலுவுள்ள ஒளி, லேசர்களின் அபாய வரிசையில் 3பி வகுப்பைச் சேர்ந்தது. கண்ணாடியிலோ திருகாணித் தலையிலோ பட்டுத் தெறித்தாலும் விழித்திரையைக் கெடுக்கும். சிவப்பு அலைநீளத்தைத் தடுக்கும் கண்ணாடி அணியாமலும், கருவியைச் சுற்றி மூடி இல்லாமலும் இயக்காதீர்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டுச்சாவி ஆளியும் வேண்டும்.

மட்டக்களப்பின் கடலோரமான கல்லடிப் பக்கத்தின் உப்புக் காற்றில், பித்தளையைத் தொட்டு நிற்கும் அலுமினியம் அரிக்கப்படும். பசை அந்த இடைவெளியை நிரப்புவது உதவும் என்று நம்புகிறேன். என் கட்டை இன்னும் ஒரு மாரியைக்கூட முழுதாகக் காணவில்லை. பல வாட் நீல டயோடுகளை நான் கையாண்டதில்லை. அவற்றின் வெப்பம் பல மடங்கு என்பதால் இந்த அளவுக் கட்டை போதாது, விசிறியும் சேர வேண்டும்.